பூஜைக்கு மட்டும் என்று எழுதியிருந்தது

அனுமனை நம்பி வாழும் எல்லாருக்கும் மந்தைவெளி மாவுக்கடை கோமதியின் வணக்கம். நான் எழுதிப் பழகியவள் இல்லை. தினமும் காலையில் நோட்டில் ஸ்ரீராமஜெயம் எழுதுவேன், அதோடு சரி. என் மகளுக்கு நடந்ததை நம்மைப் போன்றவர்களிடம் சொல்வதாக வேண்டிக்கொண்டேன், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். இதில் எனக்கே இன்னும் விளங்காத பகுதி இருக்கிறது. விளங்கினவரை சொல்கிறேன், மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடி மாதம். என் மகள் தர்ஷினிக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டே, "வயிறு நோவுதும்மா" என்றாள். பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளைகள் சொல்வதுதானே என்று நான் கண்டுகொள்ளவில்லை. "நோவும் நோவும், ரெண்டு இட்லி துன்னா சரியாப்பூடும்" என்று அதட்டி அனுப்பினேன். சாயந்திரம் வந்ததும் தொப்புளைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டி, இங்கேதான் என்றாள். மறுநாளும் அதே வட்டம். மறுவாரமும் அதே வட்டம்.

தெரு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பூச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். பூச்சி எதுவும் வந்தது போலத் தெரியவில்லை, வலியும் போகவில்லை. பத்து நாள் கழித்துப் போனால் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் வயிற்றுக்குள் ஏதோ நெறிக்கட்டிகள் லேசாக வீங்கியிருப்பதாக எழுதியிருந்தது. நான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். நெறி என்றாலே என் மனசு எங்கெங்கோ போய்விட்டது. மருத்துவர் சிரித்து, "சளி பிடிச்ச பசங்களுக்கெல்லாம் இருக்கும்மா இது, தானா போயிடும்" என்றார். நெறி போனதோ இல்லையோ, வலி போகவில்லை.

எங்கள் வீட்டு முன் அறைதான் கடை. இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், தராசு. இட்லி மாவு வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தை நீட்டும்போதே விசாரிப்பார்கள். விசாரித்தால் சும்மா போகமாட்டார்கள். ஆளுக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"இன்னா கோமதி, கொயந்தை எப்டி கீது?" என்று ஒரு அம்மா கேட்பார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, "அது சூடு. தொப்புள்ல வெளக்கெண்ணெ வையி" என்பார். பின்னால் நிற்பவர், "சூடும் இல்ல ஒண்ணும் இல்ல, தொக்கம். எதையோ முழுங்கி உள்ள ஒட்டிக்கினு கீது, தொக்கம் எடுக்கிற ஆள்கிட்ட இட்டுனு போ" என்பார். கண்ணேறு என்றார்கள். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அப்பெண்டிக்ஸ் என்று ஒருவர் தன் தழும்பையே காட்டினார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடிக்கிறாரா என்று விசாரி என்றார் இன்னொருவர். எல்லாவற்றையும் செய்தேன். விளக்கெண்ணெய் வைத்தேன். பாலை நிறுத்தினேன். தொக்கம் எடுக்கிறவர் வயிற்றைத் தடவி ஒரு நூலை எடுத்துக் காட்டினார். டீச்சரிடம் போய் நேருக்கு நேராகக் கேட்டுச் சண்டையே போட்டேன். பாவம் அந்தப் பெண், அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் கணவர் சேகர் லிஃப்ட் மெக்கானிக். பெருங்குடிப் பக்கம் கம்பெனிகளில் லிஃப்ட் நின்றுவிட்டால் ஓடுவது அவர் வேலை. சாமி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். "உன் ஆளுதான் மலையத் தூக்குனவராச்சே, ஒரு வயித்து வலியத் தூக்க முடியாதா" என்று கிண்டல் செய்வார். எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்தக் கிண்டல் மனதில் தைத்துவிட்டது. ஏன் முடியாது?

எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன ஆஞ்சநேயர் சன்னதி இருக்கிறது. புரட்டாசி முதல் சனிக்கிழமை வெற்றிலை மாலை சாத்தி, ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டேன். காலையில் குளித்து, நோட்டில் எழுதி, பிறகு தர்ஷினியை எழுப்பி சாமி படத்துக்கு முன் நிறுத்துவேன். அவள் கண்ணை மூடிக் கைகூப்பி நாக்கை நீட்டி "ராமா" என்பாள். நான் நெற்றியில் செந்தூரம் வைத்து, வயிற்றில் ஒரு கோடு இழுத்து, நாக்கில் ஒரு சிட்டிகை வைப்பேன். யாரும் எனக்கு இப்படிச் செய்யச் சொல்லவில்லை. விபூதியை வாயில் போடுகிறோம் இல்லையா, அப்படித்தான் இதையும் நினைத்தேன்.

அர்ச்சகர் கொடுத்த செந்தூரம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. பூஜை சாமான் கடை ஒன்றில் டப்பாவாக வாங்கினேன். ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நல்ல பளிச்சென்ற நிறம், கையில் வைத்தால் கனமாக இருந்தது. மூடியில் சின்ன எழுத்தில் "பூஜைக்கு மட்டும்" என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. சாமிக்கு என்று தனியாகச் செய்தது, அப்படியென்றால் இதைவிடச் சுத்தமானது வேறு இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த இரண்டு வார்த்தைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து நாள் வலி குறைந்தது போல இருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னேன். பிறகு திரும்ப வந்தது. முன்பு விரலால் வட்டம் போட்டுக் காட்டியவள் இப்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்காலை வயிற்றில் அழுத்திக்கொள்ள ஆரம்பித்தாள். மூன்று நாளுக்கு ஒருமுறை கூட வெளிக்கிப் போகவில்லை. சோற்றைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தாள். "வாயெல்லாம் சாவிய நக்கின மாதிரி கீதும்மா" என்றாள். சாவியை ஏன் வாயில் வைத்தாய் என்று நான் திட்டினேன். அப்படித்தான் இருந்தது என் மூளை.

சாமி சோதிக்கிறார் என்று தோன்றியது. சோதனை என்றால் விடக்கூடாது, பிடியை இறுக்க வேண்டும். முதல் மண்டலம் முடிந்ததும் மூச்சு விடாமல் இரண்டாவது மண்டலம் ஆரம்பித்தேன். சிட்டிகையையும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

நடுவில் அடையாறில் ஒரு வயிற்று மருத்துவரைப் பார்த்தோம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார். அமிலத்துக்கு ஒரு மாத்திரை. கடைசியில், "வேற எதாவது குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். இன்னொருவர் பள்ளிக்கூட பயம், மனசு சம்பந்தப்பட்டது என்றார். அவரும் கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் மருந்தைக் கேட்டார்கள், நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பிரசாதத்தை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

கார்த்திகையில் என் பிள்ளை என் பிள்ளையாகவே இல்லை. வெளுத்துப்போனாள். எதற்கெடுத்தாலும் கத்தினாள். எட்டாம் வாய்ப்பாடு தலைகீழாகச் சொல்கிறவள் நாலாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டாள். கடைக்கு வருகிறவர்களும் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பாத்திரத்தை நீட்டி, மாவை வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கடவுளே, இவளை நான் இழந்துவிடுவேனோ என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

மார்கழி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. விடிகாலை, கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தர்ஷினி பாயில் சுருண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். சத்தமாக அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். நான் கிரைண்டரை நிறுத்தினேன். மாவு கையோடு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஸ்லோகம் எதுவும் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இத்தினி நாளா சொகத்தக் குடு, சொகத்தக் குடுன்னு கேட்டேன், நீ குடுக்கல. சரி, இனிமே அத கேக்க மாட்டேன். என்ன காரணம்னு மட்டும் காட்டு. அது எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்கிறேன். இன்னிக்குக் காட்டு."

இப்படித்தான் பேசினேன், தெருவில் சண்டை போடுகிற மாதிரி. பிறகு பழக்கத்தில் கையைக் கழுவிவிட்டு, அவளை எழுப்பி, நாக்கில் ஒரு சிட்டிகை வைத்தேன்.

அன்று காலை சேகர் வேலைக்குப் போகவில்லை. ராயப்பேட்டையில் அவர் லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டடத்தில் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் இருப்பதாகவும், அவசரப்படாமல் பார்ப்பவர் என்று வாட்ச்மேன் சொன்னதாகவும் சொன்னார். மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம். எனக்கு நம்பிக்கை இல்லை. இவரும் ஒரு காரணம் சொல்வார், அதையும் பையில் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அந்த மருத்துவர் ஐம்பது வயது இருக்கும் பெண். பழைய காகிதங்களை எல்லாம் மேஜையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்கினார். எங்களுக்கு அதைச் செய்யத் தோன்றவே இல்லை. பிறகு வயிற்றை அமுக்கிப் பார்த்து, கீழ் மாடியில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மலம் நிறைய தேங்கியிருக்கு. அது மட்டும் இல்ல, இங்க பாருங்க, பொடிப்பொடியா வெள்ளையா தெரியுது. சாப்பாடு இப்படித் தெரியாது. மண்ணு, சாக்பீஸ், செவுத்து பெயின்ட்டு, இந்த மாதிரி எதாவது எடுத்து வாயில போடுவாளா?"

"இல்ல டாக்டர். நான் மாவுக்கடை வச்சிருக்கேன். எங்க வீட்ல எல்லாம் சுத்தம்."

"நாட்டு மருந்து? லேகியம், பஸ்பம்?"

"இல்லவே இல்ல."

"வேற எதாவது குடுக்கிறீங்களா?"

"ஒண்ணுமே குடுக்கல டாக்டர்" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். எத்தனை பேர் இதையே கேட்பார்கள்.

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தர்ஷினி பக்கம் திரும்பினார். "ஆ காட்டு கண்ணு, நாக்க நீட்டு."

தர்ஷினி கண்ணை மூடினாள். இரண்டு கையையும் கூப்பினாள். நாக்கை நீட்டி, "ராமா" என்றாள்.

மருத்துவர் டார்ச்சை அணைத்துவிட்டார். "வாயத்தானே பாக்கணும்னேன். எதுக்குடா கண்ணு கும்பிடுற?"

"நீங்களும் சாமி மருந்து குடுக்கப் போறீங்களா?"

"சாமி மருந்தா? அது எப்படி இருக்கும்?"

"செவப்பா இருக்கும். அம்மா காலையில குடுப்பாங்க. அப்பா சாயந்திரம் குடுப்பாரு. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

நான் சேகரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. "நீ கடையில மாவு ஊத்திக்கினு இருப்ப" என்றார் மெதுவாக. "கொயந்தை துடிக்கிறா. எனக்கு வேற ஒண்ணும் தெரில கோமு." வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷன். என்னைக் கிண்டல் செய்துகொண்டே, எனக்குத் தெரியாமல், அவரும் அதே படத்துக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தியிருக்கிறார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது.

"அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்றார் மருத்துவர்.

சேகர் மந்தைவெளிக்குப் போய்த் திரும்பி வரும்வரை நான் அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். டப்பா வந்ததும் மருத்துவர் அதைக் கையில் எடைபார்ப்பது போலப் பிடித்தார். மூடியில் இருந்ததைப் படித்தார்.

"பூஜைக்கு மட்டும்னு போட்டிருக்கேம்மா."

"ஆமா டாக்டர். அதனாலதான் நல்லதா இருக்கும்னு வாங்கினேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "இதுக்கு அர்த்தம் வேறம்மா. வாயில போடுற பொருள் இல்லன்னு சொல்றாங்க. சாப்பிடுற பொருளுக்குப் பண்ற சோதனை எதுவும் இதுக்குப் பண்ணியிருக்க மாட்டாங்க. சில செந்தூரத்துல நிறத்துக்காக ஈயம் சேர்ந்திருக்கும். ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இத தொடாதீங்க."

ஈயம் என்றதும் எனக்கு ரசம் வைக்கிற ஈயச் சொம்புதான் ஞாபகம் வந்தது. "எங்க வீட்ல ஈயப் பாத்திரம் கிடையாது டாக்டர், எல்லாம் எவர்சில்வர்" என்று வாதாடினேன். அவர் பொறுமையாக, "அது வெள்ளீயம். நான் சொல்றது காரீயம். வண்டி பேட்டரிக்குள்ள இருக்கே, அது" என்றார். பேட்டரி. என் பிள்ளை நாக்கில். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

நாலு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காரீயம்தான். இருக்கக் கூடாத அளவு இருந்தது. ரத்தம் குறைந்தது, மலம் இறுகினது, வயிறு முறுக்கினது, கத்தினது, வாய்ப்பாடு மறந்தது, சாவி ருசி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டப்பாதான் காரணம் என்றார். "அப்ப ஆடி மாசமே வலி வந்துச்சே, அப்ப நான் செந்தூரம் குடுக்கலையே" என்று கேட்டேன். எப்படியாவது அந்தப் பழி என் மேல் விழாமல் இருக்காதா என்ற நப்பாசை. அவர் தர்ஷினியிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொள்வேன் என்றாள். இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டீச்சர் அடித்தாரா என்று மட்டும்தான் கேட்டேன்.

"மொதல் வலி சாதாரண மலச்சிக்கலா இருந்திருக்கலாம். நிறைய குழந்தைங்களுக்கு வர்றதுதான். ரெண்டாவது வலி இது" என்றார். "ஒண்ணு போறதுக்குள்ள இன்னொண்ணு வந்துடுச்சு. அதான் யாருக்கும் புரியல."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடலைச் சுத்தம் செய்தார்கள். உடம்பில் இருக்கிற ஈயத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மருந்து கொடுத்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடு ஒன்று தொட்டால் கூட எனக்குக் கூசியது. அந்த இரண்டு விரலால்தானே எடுத்து வைத்தேன். இட்லி மாவில் உப்புக் கூட அந்த விரலால் போட முடியாமல், கொஞ்ச நாள் கரண்டியால் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாமி படத்தின் மேல் ஒரு டவலைப் போட்டு மூடிவிட்டேன். நோட்டை எடுத்துப் பரணில் வைத்தேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. சாமி மேல் கோபப்பட்டால், அவரா நாக்கில் வைக்கச் சொன்னார்? என் மேல் கோபப்பட்டால், நான் அவரை நம்பித்தானே வைத்தேன். நம்பினது தப்பா, நம்பின விதம் தப்பா? மாவு அரைத்துக்கொண்டே யோசிப்பேன். கிரைண்டர் சத்தத்தில் யோசனை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

டவலை எடுத்தது சேகர்தான். நான் எதிர்பார்க்கவே இல்லை. தை பிறந்து முதல் சனிக்கிழமை. அவரே குளித்து, அவரே விளக்கேற்றினார். "இன்னாங்க இது?" என்றேன்.

"நீ அன்னிக்கி காலையில கத்தினது எனக்குக் கேட்டுச்சு" என்றார். "காரணத்தக் காட்டு, இன்னிக்கே காட்டுன்னு கேட்ட. காட்டினாரா இல்லியா?"

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. அன்றுதான் கேட்டேன். கேட்டு ஆறு மணி நேரம் ஆகவில்லை. எத்தனை மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார்கள், எத்தனை தடவை நாக்கை நீட்டியிருப்பாள். ஒருநாளும் கும்பிட்டது இல்லை, "ராமா" என்றது இல்லை. அன்று மட்டும் செய்தாள். நான் மூன்று மருத்துவர்களிடம் இல்லை, இல்லை என்று சாதித்ததை என் பிள்ளை வாயால் உண்டு என்று சொல்லவைத்தது யார்? தூக்கக் கலக்கத்தில் செய்தாள், அவ்வளவுதான் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம், நான் வாதாட மாட்டேன். நான் கேட்டேன், பதில் வந்தது. எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவளும் நான்தான். அந்தக் காரணம் நானாகவே இருப்பேன் என்று மட்டும் நினைக்கவில்லை.

அன்று மூன்று பேரும் தெரு முனைச் சன்னதிக்குப் போனோம். சேகர் வண்டியில் உட்காரவில்லை. அர்ச்சகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறிப்போய்விட்டார். "செந்தூரம் நெத்திக்கும்மா. வாய்க்குத்தான் தீர்த்தம் இருக்கு, துளசி இருக்கு. ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கக் கூடாதா" என்றார். கேட்டிருக்கலாம். மாவு வாங்க வந்த அத்தனை பேரிடமும் யோசனை கேட்டவள், சாமி விஷயத்தில் எல்லாம் தெரிந்தவள் மாதிரி நடந்துகொண்டேன்.

அவர் தர்ஷினி முன்னால் தட்டை நீட்டினார். பழக்கத்தில் அவள் கண்ணை மூடி நாக்கை நீட்டிவிட்டாள். சேகர் குனிந்து, அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மெதுவாக மூடினார். அவரே ஒரு விரலால் செந்தூரத்தைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். கோயிலுக்குள் சாமிக்கு முன் அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

இப்போது தர்ஷினி நன்றாக இருக்கிறாள். கொஞ்ச காலத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கிறார்கள், ஈயம் இறங்கிக்கொண்டே வருகிறது. எட்டாம் வாய்ப்பாடு திரும்ப வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தத் தாழ்ப்பாளைச் சேகரே போய் மாட்டினார். நான் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். இப்போது இட்லி மாவு எங்களிடம்தான் வாங்குகிறாள். நான் மறுபடி ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன். முன்பை விட மெதுவாக எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கும்பிடுங்கள், விரதம் இருங்கள், வெற்றிலை மாலை சாத்துங்கள். நாம் கேட்டதற்கு அனுமன் பதில் சொல்லுகிறவர், எனக்குச் சொன்னார். ஆனால் பிள்ளைக்கு வயிறு வலித்தால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். காரணம் பூச்சியாக இருக்கலாம், தாழ்ப்பாளாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், நாம் அன்போடு கொடுக்கிற ஒன்றாகவும் இருக்கலாம். வேறு எதாவது கொடுக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டால், பூஜை அறையில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காகச் சாமி நம்மைக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் இப்போது காரணம் எதுவும் சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். போன வாரம் அடுத்த தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பதினைந்து நாளாக வயிறு சரியில்லை, டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை என்றாள். "வேற எதாவது குடுக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள் சட்டென்று. நான் சொன்ன அதே குரல். மாவை வாங்கிக்கொண்டு போனாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தெரு முனை வரைக்கும் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அக்கா," என்றாள் தயங்கி, "மந்திரிச்சுக் குடுத்த பொடியும் அதுல சேருமா?"

"சேரும்மா" என்றேன். கடையைச் சேகரிடம் விட்டுவிட்டு, மருத்துவரிடம் போக அவளோடு நானும் கிளம்பினேன்.